டி.வி.க்கு முதுகு காட்டிய ஏழு பேர்

அத்தியாயம் ஏழு

குழுத் தலைவர் தம் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் இரண்டாவது முறையாகக் கொட்டாவி விட்டான். வாயைப் பொத்திக்கொண்டுதான் விட்டான். அவனால் முடிந்த மரியாதை அவ்வளவு.

கொழுந்தன் என்பது உறவு. துப்பறியும் நிலையம் நடத்திவந்த அண்ணிக்கு அவன் கணவரின் தம்பி. முப்பத்து நாலு வயதுக்குள் பதினோரு வேலைகளைத் தொலைத்துவிட்டு, பன்னிரண்டாவதாக அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். அண்ணி இருபத்திரண்டு வருடம் பரீட்சைக் கூடங்களில் காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கும் பறக்கும் படையில் இருந்தவர். செருப்புக்குள் சூத்திரத்தையும், அழிரப்பருக்குள் சரித்திரத்தையும், மாவுக்கட்டுக்குள் முழு வேதியியலையும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். மனித குலத்தின்மேல் அவருக்குக் கோபம் கிடையாது. எதிர்பார்ப்பும் கிடையாது.

தலைவர் இருந்த அறையின் கதவில் 'வீடியோ விளையாட்டுப் போட்டிகளில் சூதாட்டத்தை ஒழிக்கும் உயர்மட்டக் குழு' என்று எழுதியிருந்தது. உயர்மட்டம் என்றால் இரண்டாம் மாடி. இது அவர் தலைமை வகிக்கும் பதினாலாவது குழு. முந்தைய பதிமூன்றும் எதை ஒழித்தன என்று கேட்க இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

பிரச்சினை இதுதான். கீழ்த்தளத்தில் சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் அன்று காலை இறுதிப்போட்டி. பக்கத்துக்கு ஐந்து பேர், கணினி முன்னால் உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். கூடத்துக்குள் பார்வையாளர்கள் கிடையாது. ஆட்டக்காரர்கள், நடுவர்கள் எல்லோருடைய செல்போனும் பூட்டிய அலமாரியில். வெளியுலகம் ஆட்டத்தை இணையத்தில்தான் பார்க்கலாம். அதுவும் மூன்று நிமிடம் தாமதமாகத்தான் வரும். இந்த மூன்று நிமிடத் தாமதம் சூதாடிகளைக் குழப்புவதற்காகத் தலைவரே கண்டுபிடித்த ஏற்பாடு.

குழம்பியது தலைவர்தான். ஒவ்வொரு சுற்றையும் எந்த அணி ஜெயித்தது என்று வெளியே யாருக்கோ உடனுக்குடன் தெரிந்துகொண்டிருந்தது. திரையில் அந்தச் சுற்று முடிவதற்குள் அவர்கள் ஜெயித்த அணியின் மேல் பந்தயம் கட்டினார்கள். திரையை நம்பிக் கட்டிய நூற்றுக்கணக்கான பேர் தோற்றார்கள். மூன்று நாட்களாக இதே கதை.

பன்னிரண்டாம் பக்கத்தில் தலைவர் முடிவுக்கு வந்தார். குற்றவாளி நீல அணியின் கடைக்குட்டி, பத்தொன்பது வயதுப் பெண். சின்ன உருவம், எங்கிருந்து வந்து கடிக்கிறாள் என்றே தெரியாத ஆட்டம். அதனால் எல்லோருக்கும் அவள் கொசு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவள் இடது காதைத் தொடுகிறாள். நாற்பத்தொரு தடவை தொட்டிருக்கிறாள். படத்துடன் இணைப்பு உண்டு.

"காதைத் தொட்டா வெளியில எப்படித் தெரியும்?" என்று அண்ணி கேட்டார்.

"அதைக் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு போட்டிருக்கேன்" என்றார் தலைவர்.

பெருந்தன்மையாக ஒரு சலுகையும் வைத்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடத் தடை. போடாவிட்டால் ஆயுள் முழுக்க. இடைவேளை வரை அவகாசம். அதுவரை கொசுவுக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரர் ஆடுவார், கொசு கீழே சாமான் அறையில் இருப்பாள். கையெழுத்துக்கான தாள் தயாராக இருந்தது. பேனாவும் மூடி திறந்து தயாராக இருந்தது.

அண்ணியை வரவழைத்தது கொசுவின் அம்மா. பேருந்து ஓட்டுநர். இரண்டு நடைக்கு நடுவில், வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ஒரு வருடம் ஆடிப் பார்க்கிறேன், நடக்கவில்லை என்றால் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலைக்குப் போகிறேன் என்று மகள் வாக்குக் கொடுத்திருந்தாளாம். அந்த ஒரு வருடம் இந்த வாரத்தோடு முடிகிறது. "தோத்துட்டு வந்தா சோறு போட்டுருவேன் மேடம். திருடின்னு பேர் வாங்கிட்டு வந்தா எந்த ஆஸ்பத்திரியில வேலை குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு ஹாரன் சத்தத்துக்கு ஓடிப்போனார்.

சாமான் அறை கூடத்தின் பின்னால் இருந்தது. உடைந்த நாற்காலிகள், சுருட்டிய கேபிள்கள், நடுவில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் கொசு. அண்ணி அவளிடம் எதுவும் கேட்பதற்கு முன் அவள் இடது பக்கத் தலைமுடியை ஒதுக்கிப் பார்த்தார். காதின் மேல் மடலில் புதிதாக ஒரு பொட்டுத் தோடு. சுற்றிலும் தக்காளிச் சிவப்பு.

"எப்பக் குத்தின?"

"போன வாரம் மேடம். ரெண்டாவது ஓட்டை. ஹெட்போன் மாட்டினா உயிர் போகுது. சுற்று முடிஞ்சதும் கொஞ்சம் தூக்கி விட்டுக்குவேன்."

"இதைத் தலைவர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அறிக்கையில 'காதில் சந்தேகத்துக்கிடமான உலோகப் பொருள்'னு சேர்த்துக்கிட்டார்."

கொழுந்தன் அது எந்தப் பக்கம் என்று கேட்டான். பத்தாம் பக்கமாம். அப்போதுதான் தூங்கிவிட்டேன் போல என்று வருத்தப்பட்டான்.

கொசு தரையைப் பார்த்துக்கொண்டு, இப்போதுதான் மூன்றாவது சுற்று முடிந்தது என்றாள். கூடத்துச் சத்தம் எதுவும் இந்த அறைக்கு வராதே, உனக்கு எப்படித் தெரியும் என்றார் அண்ணி. கொசு தலையைத் திருப்பாமல் பின்சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு இரும்புப் பெட்டி. அதிலிருந்து தடித்த வயர் ஒன்று காற்றுத்துளை வழியாக வெளியே போனது. கட்டட வாசலில் இருக்கும் விழிப்புணர்வுப் பலகைக்கான பெட்டி, சுற்று முடிந்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும், வாசகம் மாறும், அவ்வளவுதான் என்றாள்.

அண்ணி பெட்டியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.

"எங்க அண்ணி? சாட்சிய விசாரிக்க வேண்டாமா?"

"ஃபோன்ல போகலேன்னா விஷயம் கண்ணுக்குத் தெரியற மாதிரிதான் போகுது. பரீட்சை ஹால்ல சொல்லிக் குடுக்கறவனைத் தேடினா ஆயுசுக்கும் தேடணும். எழுதறவன் எங்க பார்க்கறான்னு பாரு. போதும்."

எதிர்ச் சாரியில் ஒரு காபிக் கடை இருந்தது. உள்ளே சுவரில் பெரிய டி.வி., அதில் இறுதிப்போட்டி. கல்லாவுக்குப் பின்னால் கடைக்கார அம்மா. டி.வி.க்கு நேர் கீழே அவர் கணவர், ஒரு கையில் துடைக்க வேண்டிய கோப்பை, மறு கையில் செல்போன். கண் திரையில். இன்னும் நாலைந்து வாடிக்கையாளர்களும் அண்ணாந்து திரையையே பார்த்தபடி.

ஏழு பேர் மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

தெருவில் பார்க்க எதுவுமில்லை. எதிர்க் கட்டட வாசலில் குழுவின் பலகை மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில் 'ஊகம் ஒரு ரோகம்'.

பலகையில் எழுத்து நீலமாக மாறியது. 'சூதை விடு, சோதியைத் தொடு.' ஏழு தலைகளும் ஒரே நேரத்தில் செல்போனுக்குக் குனிந்தன. ஏழு கட்டைவிரல்கள் வேலை பார்த்தன. பிறகு ஏழு தலைகளும் நிமிர்ந்து மறுபடியும் பலகையைப் பக்தியோடு பார்த்தன.

"அண்ணி, சூதாட்ட எதிர்ப்பு வாசகத்தை இவ்வளவு ஆசையா படிக்கிற ஜனங்களை நான் பார்த்ததே இல்ல" என்றான் கொழுந்தன். "தலைவர் பார்த்தா அழுதுருவார்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் கழித்து டி.வி.யில் நீல அணி நாலாவது சுற்றை ஜெயித்தது. கடைக்காரரின் முகம் தொங்கியது. கோப்பை இன்னும் துடைக்கப்படவில்லை.

கடைக்கார அம்மாவிடம் அண்ணி இரண்டு காபி வாங்கிக்கொண்டு, அந்த ஏழு பேரும் யார் என்று விசாரித்தார். யாரென்று தெரியாது, மூன்று நாளாக வருகிறார்கள், ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு காபிக்கு மேல் வாங்குவதில்லை என்றார் அந்த அம்மா. பிறகு கணவர் பக்கம் தாடையை நீட்டினார்.

"இவர் டி.வி.ய நம்பற கட்சி. ஸ்கூட்டர் போச்சு, என் வளையல் போச்சு. கடை என் பேர்ல இருக்கறதால காபி குடிக்கிறீங்க."

ஐந்தாவது சுற்று சிவப்பு. ஆறாவது சிவப்பு. இரண்டு முறையும் பலகை முன்னால், டி.வி. பின்னால். இரண்டு முறையும் ஏழு பேரும் குனிந்து நிமிர்ந்தார்கள். அண்ணி காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மாடிக்குப் போய், பலகையைப் பற்றித் தலைவரிடம் ரொம்பப் பாராட்டாக விசாரித்தார். தலைவர் மலர்ந்துவிட்டார். நாற்பத்திரண்டு வாசகங்களும் அவரே எழுதியவை. பலகை அவர் மனைவியின் தம்பி, விளம்பரப் பலகைக் கம்பெனி வைத்திருப்பவர், குழுவுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆட்டக் கணினியோடு இணைத்துக் கொடுத்ததும் அவர்தான். சுற்றுக்கு ஒரு வாசகம் மாறினால்தானே தெருவில் போகிறவன் நின்று படிப்பான்.

"நிறம் மாறுதே, அது?"

"அது மெஷினா மாத்திக்கும்மா. அழகுக்கு. நான் அதையெல்லாம் கவனிக்கறதில்ல. எனக்குக் கருத்துதான் முக்கியம்."

அண்ணி நன்றி சொல்லிவிட்டு, இடைவேளையில் வருவதாகச் சொன்னார். தலைவர் கதவு வரை வந்து, வெளியே இன்னொரு விஷயமும் சொன்னார். கொசு சாமான் அறையில் இருக்கும்போதும் சங்கதி கசிந்துகொண்டுதான் இருக்கிறதாம். அப்படியானால் அவள் நிரபராதிதானே என்றான் கொழுந்தன். தலைவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"அவளுக்கு ஒரு கூட்டாளி இருக்கான்னு அர்த்தம் தம்பி. அறிக்கை இருபத்து நாலு பக்கம் ஆகப்போகுது."

படி இறங்கும்போது அண்ணி கேட்டார்: "உன்னோட ஆறாவது வேலை என்ன?"

"ஏழாவது அண்ணி. கடைகளுக்கு மின்பலகை மாட்டறது. 'உறுதியான செருப்புகள்'னு மாட்டச் சொன்னாங்க, முதல் ரெண்டு எழுத்தை விட்டுட்டேன். 'தியான செருப்புகள்' ஆயிடுச்சு. அன்னிக்கே அனுப்பிட்டாங்க."

"நிற வயரை மாத்தத் தெரியுமா?"

"அதுல தப்புப் பண்ணதுக்குத்தான் முதல் எச்சரிக்கையே வந்தது."

இரும்புப் பெட்டியைத் திறந்தால் விஷயம் எளிதாகத்தான் இருந்தது. சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. எட்டாவது சுற்றுக்கான டக் கேட்டதும் கொழுந்தன் இரண்டையும் இடம் மாற்றிச் செருகினான். இனி நீலம் ஜெயித்தால் பலகை சிவக்கும், சிவப்பு ஜெயித்தால் நீலமாகும். கொசு வாளியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. மூன்று நாளாக அவள் ஆடியது எல்லாம் தெருவில் நிறம் நிறமாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இப்ப நான் நிஜமாவே மோசடிக்குத் துணை போறேனா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீ திரும்பி உட்காரும்மா. பார்க்கலேன்னா துணை கிடையாது."

அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நாலு டக். ஒவ்வொன்றுக்கும் அவள் முதுகு விறைத்தது. பிறகு கூடத்தில் இடைவேளை மணி அடித்தது.

மாடியில் தலைவர் தாளை மேசையின் நடுவில் நேராக்கி வைத்திருந்தார். கொசு வந்து நின்றாள். பேனாவை எடுக்கச் சொன்னார். அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கதவைப் பார்த்தார். பேனா கைமாறியது.

அறிக்கையை ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார் அண்ணி. சட்டப்படி அதுதான் முறையாக இருக்கும் என்று ஒரு போடு போட்டார். அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் தம் அறிக்கையை வாசிக்கச் சொன்ன ஒரே ஆளைத் தலைவரால் எப்படி மறுக்க முடியும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

நாலாம் பக்கத்தில் கதவு தட்டப்படாமலே திறந்தது. வந்தவர் வழுக்கை வியர்த்து, சட்டை பாதி வெளியே வந்து, கையில் இரண்டு செல்போனோடு இருந்தார். தலைவரின் மைத்துனர். பலகை கொடுத்த புண்ணியவான்.

"அத்தான், பலகையில என்னமோ கோளாறு. உடனே பெட்டியைத் திறந்து பார்க்கணும்."

"வாசகம் வரலையா?" தலைவர் பதறிவிட்டார்.

"வாசகம் கிடக்குது. நிறம் தப்பா வருது. ஒன்பதாவது சுற்றிலேருந்து எல்லாமே தப்பு. சிவப்பு வரவேண்டிய இடத்துல நீலம், நீலத்துக்குச் சிவப்பு."

பதில் கிடைக்கப்போகிறது என்று தெரிந்தால் அண்ணி கேள்வி கேட்பதில்லை. கேட்டவர் தலைவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையாகவே புரியாமல், பச்சைக் குழந்தையைப் போலக் கேட்டார்.

"நிறத்துல என்னடா சரி, தப்பு? அழகுக்குன்னுதானே சொன்ன?"

மைத்துனர் கதவைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு செல்போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. கீழே வாசலில் ஏழு பேர் ஒரு குரலாக யாரையோ வெளியே வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிற ரகசியத்துக்கு ஆளுக்கு ஒரு தொகை முன்பணமாகக் கொடுத்து, மூன்று நாள் ஜெயித்ததையெல்லாம் நாலே சுற்றில் விட்டவர்கள் பேசுகிற பாஷை அது.

கொழுந்தன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான். "சார், உங்க வாசகர்கள் வந்திருக்காங்க" என்று தலைவரிடம் சொன்னான். பிறகு மைத்துனரிடம் திரும்பி, கீழே போய்ப் பேசுகிறீர்களா, இல்லை இங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டான். மைத்துனர் முதலில் கதவைத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். பிறகு எழுதத் தாள் கேட்டார். கொசு தன் கையிலிருந்த பேனாவை அவரிடம் நீட்டினாள்.

போலீஸ் வந்து அவரை அழைத்துப்போக இருபது நிமிடம் ஆனது. வாசலில் நின்றவர்களிடம் அண்ணி, புகார் கொடுக்கலாம், எப்படித் தோற்றீர்கள் என்று எழுத்தில் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தார். மூன்று பேர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நாலு பேர் திரும்பிக் காபிக் கடைக்குப் போனார்கள்.

தலைவர் நாற்காலியில் சற்றுச் சிறியவராகத் தெரிந்தார். கொசுவின் தாளை ரத்துசெய்ய முறைப்படி குழுக் கூட்டம் போட வேண்டும், அடுத்த மாதம் முதல் வாரம் தோதுப்படும் என்று ஆரம்பித்தார்.

"போடுங்க சார்" என்றான் கொழுந்தன். "சூதாட்ட ஒழிப்புக் குழுவோட பலகை மூணு நாளா சூதாடிகளுக்குத் தகவல் குடுத்துச்சுன்னு கீழே ஒரு பத்திரிகைக்காரர் எழுதிட்டிருக்கார். அதையும் அதே கூட்டத்துல வச்சுக்கலாம்."

தலைவர் தாளை இரண்டாகக் கிழித்தார். அண்ணி கையை நீட்டியபடியே இருந்ததால் நாலாகவும் கிழித்தார். கொசு அதற்குள் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள். இரண்டாம் பாதி தொடங்க நாலு நிமிடம்தான் இருந்தது. நீல அணி ஐந்துக்கு ஏழு என்று பின்தங்கியிருந்தது.

"பலகை?" என்று தலைவர் கேட்டார்.

அணைத்துவிடச் சொன்னார் அண்ணி. தலைவர் ஜன்னலுக்குப் போனார். நாற்பத்திரண்டில் முப்பது வாசகம் இன்றைக்கு இன்னும் வரவேயில்லை என்று சொன்னார். வந்த பன்னிரண்டையும் யாரும் படிக்கவில்லை என்று சொல்ல அண்ணிக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் பாதியைக் காபிக் கடையில் இருந்துதான் பார்த்தார்கள். கொசுவின் அம்மாவும் வந்திருந்தார். சீருடையோடு வாசலோரம் நின்றார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எதிரே பலகை கறுப்பாக இருந்தது. திரும்பி வந்த நாலு பேரும் பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் நாற்காலியைத் திருப்பி டி.வி. பக்கம் போட்டார். மற்ற மூவரும் திருப்பினார்கள். கடைக்கார அம்மா கணவரின் கையிலிருந்து செல்போனை வாங்கிக் கல்லாவில் போட்டுப் பூட்டிவிட்டு, மிச்சமிருந்த கோப்பைகளைக் கொடுத்தார். அவரும் துடைத்தார்.

கடைசிச் சுற்று. ஐந்துக்கு ஏழில் பின்தங்கியிருந்த நீல அணி, ஆட்டத்தைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வரை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளே அது எப்போதோ முடிந்திருக்கும். சிவப்பா நீலமா என்று அந்தக் கூடத்துக்கு வெளியே உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று நாளில் முதல்முறையாகத் தலைவரின் ஏற்பாடு வேலை செய்தது.

திரையில் கொசு தனியாள். நீல அணியில் மற்ற நாலு பேரும் விழுந்துவிட்டார்கள். சிவப்பில் இரண்டு பேர் பாக்கி. ஒருவன் விழுந்தான். அம்மா கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார். இன்னொருவன் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அதுதான் அவன் கடைசியாகப் பார்த்தது.

ஓட்டுநர் அம்மா அருகில் இருந்த நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்தார். அடுத்த நடைக்கு எத்தனை நிமிடம் தாமதம் என்று கணக்குப் போட்டு, போகட்டும் என்று சொல்லிக்கொண்டார்.

திரையில் கொசு ஹெட்போனைச் சற்றுத் தூக்கி, இடது காதைத் தொட்டுக்கொண்டாள்.

டி.வி. பக்கம் திரும்பியிருந்தவர்களில் ஒருவர் கொழுந்தனிடம் சாய்ந்தார். "அந்தப் பொண்ணு ஏன் தம்பி காதைத் தொடுது?"

"அதைப் பத்திப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு அறிக்கை இருக்கு" என்றான் கொழுந்தன். "படிக்க ஆள் தேடிட்டிருக்காங்க. ரெண்டாம் மாடி."